பணத்தைப் படிக்க ஒரு வாசகர் வட்டம்: ஊரில் தொடங்கி ஓராண்டு நடத்த முழுமையான வழிகாட்டி

பொருளாதாரம் படிக்க ஒரு வட்டம் ஆரம்பிக்கலாம் என்று நாலு பேர் கூடினால், அடுத்த நிமிடமே எந்தப் புத்தகம் என்ற பேச்சு வந்துவிடும். ஒருவர் மார்க்ஸ் என்பார், இன்னொருவர் ஆடம் ஸ்மித் என்பார், மூன்றாமவர் கைபேசியில் ஒரு பிடிஎஃப் வைத்திருப்பார். ஏதோ ஒரு தடிமனான நூலை எடுப்பார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள்.

இங்கே சொல்லும் வழி வேறு. நம் வீட்டு பீரோக்களில் பொருளாதாரப் பாடம் ஏற்கெனவே கிடக்கிறது: நகைக் கடன் ரசீது, சீட்டுப் பாஸ்புக், மொய் நோட்டு, கூட்டுறவுச் சங்கப் பங்குச் சான்று, மகளிர் குழுவின் தீர்மானப் புத்தகம். முதல் இரண்டு மூன்று மாதங்கள் இவற்றைப் படியுங்கள். நூல்கள் அப்புறம் வரட்டும். இப்போதுள்ள நிதி அமைப்புக்கு மாற்று எது என்ற கேள்வியைக் கடைசியில் வையுங்கள். கையில் கணக்கு இல்லாமல் மாற்றைப் பற்றிப் பேசினால் அது வெறும் ஆசைப் பட்டியலாகிவிடும்.

ஆள், இடம், நேரம்

எட்டுப் பேரிலிருந்து பன்னிரண்டு பேர் வரை போதும். எல்லோரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால் பிரயோசனமில்லை. ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர், மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதும் ஒருவர், கடை வைத்திருப்பவர், விவசாயி, கல்லூரி மாணவர், தினக் கூலிக்குப் போகிறவர் என்று கலந்து இருக்க வேண்டும். கடன் கொடுத்துப் பழக்கமுள்ள ஒருவரும் வந்தால் ரொம்ப நல்லது. எதிர்த் தரப்புக் கணக்கு அவருக்குத்தான் தெரியும்.

இடத்துக்குக் கிளை நூலகத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் பல நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு பெயரளவிலாவது இருக்கும். நூலகரைப் பார்த்து, அதன் கீழேயே மாதம் இரண்டு கூட்டம் நடத்த அனுமதி வாங்கலாம். கேட்கத் தயங்க வேண்டாம். 1948இன் பொது நூலகச் சட்டம் வந்த காலத்திலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நேரத்தை வரப்போகும் பெண்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மாலை ஆறரை மணி என்று ஆண்கள் நாலு பேர் முடிவு செய்த வட்டத்தில் கடைசி வரை ஆண்கள் நாலு பேர்தான் இருப்பார்கள். ஞாயிறு மதியம் மூன்று மணி பல ஊர்களில் சரிப்படும்.

விதிகள் மூன்று போதும். ஒன்று, வட்டத்துக்குள் யாரும் எதையும் விற்கக் கூடாது: காப்பீடு, மனை, பங்குச் சந்தை ஆலோசனை, சங்கிலி வியாபாரம் எதுவும். பணம் பற்றிப் பேசும் கூட்டம் என்றதும் முதலில் மோப்பம் பிடித்து வருபவர்கள் இவர்கள்தான். இரண்டு, வட்டம் யாரிடமும் பணம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. டீச் செலவை அன்றன்றைக்கே பிரித்துக்கொள்ளுங்கள். ‘நாமே ஒரு சிறு நிதி ஆரம்பித்தால் என்ன’ என்ற யோசனை கட்டாயம் வரும். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019இல் வந்திருக்கிறது என்பதை அப்போது நினைவூட்டுங்கள். மூன்று, யாருடைய கடன் விவரமும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. ஆவணம் கொண்டு வருகிறவர் பெயரையும் எண்ணையும் காகிதம் ஒட்டி மறைத்துக் கொண்டு வரட்டும்.

முதல் கூட்டம்: ஒரு நோட்டைப் படிப்பது

ஆளுக்கு ஒரு பத்து ரூபாய் நோட்டை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். பின்பக்க மொழிப் பட்டியலில் தமிழில் ‘பத்து ரூபாய்’ என்று இருப்பதைக் கண்டுபிடிப்பதிலேயே ஐந்து நிமிடம் கலகலப்பாகப் போய்விடும். அப்புறம் முன்பக்கம். இந்த நோட்டைக் கொண்டு வருபவருக்குப் பத்து ரூபாய் தருவதாக உறுதி கூறுகிறேன் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சரி, எதைத் தருவார்? ரிசர்வ் வங்கிக்கே போய் நீட்டினால் இன்னொரு பத்து ரூபாய் நோட்டோ சில்லறையோதான் கிடைக்கும். யாராவது ஒரு ரூபாய் நோட்டு வைத்திருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் அந்த உறுதிமொழி கிடையாது. கையெழுத்து மத்திய நிதித்துறைச் செயலருடையது. வெளியிடுவது இந்திய அரசு. அப்படியானால் இந்தப் பத்து ரூபாய்க்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? இதற்கு அன்றைக்கே விடை சொல்லி முடித்துவிடாதீர்கள். ஓராண்டுக்கும் ஓடக்கூடிய கேள்வி இது.

அடுத்து கைபேசி. யுபிஐயில் தெரியும் இருப்புத் தொகை யார் கொடுத்த உறுதிமொழி? ரிசர்வ் வங்கி கொடுத்ததல்ல. உங்கள் வங்கி உங்களுக்குப் பட்டிருக்கும் கடன் அது. அந்த வங்கி நொடித்தால் என்ன ஆகும் என்று கேட்டால் அறை சட்டென்று அமைதியாகிவிடும். வைப்புத் தொகைக்கான காப்பீடு, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை. 2020 பிப்ரவரி வரை அது வெறும் 1 லட்சமாக இருந்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் இது உண்டு. ஆனால் கிராமத்தில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்ட பணத்துக்குக் கிடையாது. அந்தச் சங்கத்தையே ‘நம்ம பேங்கு’ என்று சொல்லிப் பழகியவர்கள் பலருக்கு இது தெரியாது.

வீட்டுப்பாடம்: அவரவர் பணம் எங்கெங்கே இருக்கிறது, அதில் எதற்குக் காப்பீடு உண்டு என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். அந்தத் தாளை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை.

அடுத்த மூன்று கூட்டங்கள்: தண்டல், சீட்டு, மொய்

தண்டலில் தொடங்குங்கள். கணக்கு எளிது, அதிர்ச்சி பெரிது. 10,000 ரூபாய் கடன் என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் கட்டி முடிக்க வேண்டும். ‘நூறு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு, அதாவது 15 சதவீதம்தானே’ என்று ஒருவர் சொல்வார். கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். முதல் நாள் கையில் இருந்தது 8,500. ஒவ்வொரு நாளும் கட்டக் கட்ட அது குறைகிறது. சராசரியாகப் பார்த்தால் அதில் பாதிக்குச் சற்று மேல், ஏறத்தாழ 4,500 ரூபாயைத்தான் அந்த நூறு நாளும் அவர் பயன்படுத்துகிறார். அதற்கு மூன்றேகால் மாதத்தில் 1,500 ரூபாய் வட்டி. மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய் அளவில் வருகிறது. ‘பத்து வட்டி’ என்று நேராகச் சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டார். ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தொடும். தமிழ்நாட்டில் 2003இலிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது.

உடனே ‘அப்புறம் ஏன் வாங்குகிறார்கள்’ என்ற கேள்வி வரும். பதிலைக் காய்கறிக் கடை வைத்திருப்பவரிடம் விடுங்கள். அதிகாலை நாலு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போகப் பணம் வேண்டும், அந்த நேரத்தில் எந்த வங்கி திறந்திருக்கிறது என்பார். மாற்று ஏற்பாடு எதுவானாலும் இந்த நாலு மணிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இதை நோட்டில் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது ஏலச் சீட்டு. 20 பேர், மாதம் 5,000, மொத்தம் 1 லட்சம். இந்த மாதம் அவசரத் தேவையுள்ளவர் 25,000 தள்ளிக் கேட்டால் 75,000 எடுத்துப் போவார். அந்த 25,000இல் சீட்டு நடத்துபவர் கமிஷன் 5,000 போக, மீதி 20,000 இருபது பேருக்கும் பிரிந்து ஆளுக்கு 1,000 கழிவு. அந்த மாதம் கட்ட வேண்டியது 4,000தான். ஒரே ஏற்பாடு, எடுத்தவருக்குக் கடன், கடைசி வரை எடுக்காதவருக்குச் சேமிப்பு. வட்டியை வெளியார் யாரும் நிர்ணயிக்கவில்லை. ஏலத்தில் அவர்களே தீர்மானித்துக்கொள்கிறார்கள். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தில் கமிஷன் உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்தது, 2019 திருத்தத்தில் 7 ஆனது. பதிவு செய்த சீட்டுக்குத்தான் இந்த வரம்பெல்லாம். தெருச் சீட்டுக்கு நடத்துபவரின் முகம்தான் ஜாமீன். லண்டனிலும் டொராண்டோவிலும் தமிழர்கள் இன்றும் சீட்டுப் பிடிப்பது இந்த முகத்தை நம்பித்தான்.

மொய்க்கு ஒரு முழுக் கூட்டம் ஒதுக்குங்கள். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டாம். மொய் வாங்குவதற்கென்றே பந்தல் போட்டு ஆட்டுக்கறி விருந்து வைப்பார்கள். செலவைப் பகிர்ந்துகொள்ளப் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு. வந்த தொகை ஒவ்வொன்றும் பெயரோடு நோட்டில் ஏறும், இப்போது பணம் எண்ணும் இயந்திரமும் கணினி ரசீதும் வந்துவிட்டன. வாங்கியவர், கொடுத்தவர் விருந்து வைக்கும்போது கூடுதலாகப் போட்டுத் திருப்ப வேண்டும். பத்திரம் இல்லை, வட்டி என்ற சொல்லும் இல்லை. அந்தக் காசில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள், கடை வைத்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு.

அழகான ஏற்பாடு என்று அத்தோடு விட்டுவிடக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் அதே வட்டாரத்தின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் ஒரே இரவில் நொடித்தால் மொய் என்ன செய்யும்? இன்னொரு கேள்வி: முதல் மொய் போடக் கையில் காசில்லாதவர் இந்த வட்டத்துக்குள் எப்படி நுழைவார்? உள்ளூர் நம்பிக்கையை மட்டும் வைத்து நடக்கும் எல்லா ஏற்பாட்டுக்கும் இந்த இரண்டு கேள்விகளும் பொருந்தும்.

வங்கி எப்படிப் பணம் உண்டாக்குகிறது

இதை விளையாட்டாக நடத்துங்கள். ஒருவர் வங்கி. பலகையில் நடுவே கோடு கிழித்து இடப்பக்கம் வங்கிக்கு வர வேண்டியது, வலப்பக்கம் வங்கி தர வேண்டியது என்று எழுதுங்கள். கடைக்காரர் 1 லட்சம் கடன் கேட்கிறார். வங்கி ஒப்புக்கொண்டதும் இடப்பக்கம் ‘கடைக்காரர் தர வேண்டியது 1 லட்சம்’, வலப்பக்கம் ‘கடைக்காரர் கணக்கில் இருப்பு 1 லட்சம்’. வேறு யாருடைய கணக்கிலிருந்தும் ஒரு ரூபாய் குறையவில்லை. ஒருவர் போட்ட சேமிப்பை எடுத்துத்தான் இன்னொருவருக்குக் கடன் தருகிறார்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இங்கிலாந்து மத்திய வங்கியே 2014இல் தன் காலாண்டு இதழில் இதை விளக்கி எழுதியிருக்கிறது. கடன் தரும்போதே வைப்பு உண்டாகிறது என்பதுதான் அதன் சாரம். ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு வந்து தமிழில் சொல்லட்டும்.

அடுத்து ஒரு எச்சரிக்கை. இந்தக் கூட்டம் முடிந்ததும் ‘காற்றிலிருந்து பணம் அச்சடிக்கிறார்கள், எல்லாம் மோசடி’ என்று கிளம்புகிறவர் ஒருவராவது இருப்பார். விளையாட்டைத் தொடருங்கள். கடைக்காரர் அந்தப் பணத்தை வேறு வங்கியில் கணக்கு வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்கு அனுப்பட்டும். இப்போது முதல் வங்கி இரண்டாவது வங்கிக்கு ரிசர்வ் வங்கிப் பணத்தில் தீர்க்க வேண்டும். கடைக்காரர் கட்டாமல் விட்டால் நட்டம் வங்கியின் மூலதனத்தைத் தின்னும். உண்டாக்குவது சுலபம், தாங்குவது கஷ்டம் என்று அவருக்கே புரியும்.

தாங்காமல் போனதற்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. ஆர்பத்நாட் என்ற வங்கி நிறுவனம் 1906 அக்டோபரில் சரிந்தது. ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போனது. அதை நடத்திய சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்தக் கோபத்திலிருந்துதான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, நகரத்தார் முதலோடு இந்தியன் வங்கி 1907 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. மாற்று என்றால் எங்கோ கடல் கடந்து நடப்பது என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம். அன்றைய மாற்று, இன்றைக்கு நாம் வரிசையில் நிற்கும் வங்கி.

நூல்களுக்கு வருவோம்

இப்போது வட்டத்துக்குச் சில சொற்களும் நிறையச் சந்தேகங்களும் சேர்ந்திருக்கும். நூலுக்குள் நுழைய இது போதும். முதலில் ஜே.சி. குமரப்பாவை எடுக்கலாம். 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றவர், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர், பின்னர் காந்தியோடு சேர்ந்தவர். கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கழித்தார். சிறையில் இருந்தபோது எழுதிய நூலில், ஒட்டுண்ணி, கொள்ளை, முயற்சி, கூட்டு வாழ்வு, சேவை என்று பொருளாதாரத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். ஏற்கெனவே படித்த தண்டலும் சீட்டும் மொய்யும் எந்த வகையில் வரும் என்று விவாதித்துப் பாருங்கள். மொய்யில் சண்டை வரும், வரட்டும்.

கடனின் வரலாற்றுக்கு மானுடவியலாளர் டேவிட் கிரேபர் 2011இல் எழுதிய நூல் சுவாரசியமானது. பண்டமாற்று முதலில், காசு பிறகு, கடன் கடைசி என்ற பழகிய கதையை அவர் தலைகீழாக்குகிறார். பெரிய நூல், முழுவதும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களே பல வாரங்களுக்குக் காணும்.

படிக்கும் முறை: ஒரு கூட்டத்துக்குப் பதினைந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம். முக்கியமான இரண்டு பக்கங்களைக் கூட்டத்திலேயே சத்தமாக வாசியுங்கள். வீட்டில் படிக்க நேரம் கிடைக்காதவரும் அப்போதுதான் பேச முடியும். நடத்துகிற பொறுப்பு சுற்றில் போகட்டும். வங்கி ஊழியருக்குக் கடைசிச் சுற்று கொடுங்கள். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் கேட்பவர்களாக மாறிவிடுவார்கள்.

மாற்றுகளை உரசிப் பார்ப்பது

ஆறாம் மாதத்துக்கு மேல் இது. ஒவ்வொரு மாற்றையும் ஒரே கேள்விகளால் சோதியுங்கள்: நட்டம் வந்தால் யார் தலையில்? கணக்குப் புத்தகம் யார் கையில்? யாரால் உள்ளே வர முடியாது? அதிகாலை நாலு மணிக்குப் பணம் கிடைக்குமா? கூட்டாளிகள் எல்லோரும் ஒரே நாளில் நொடித்தால் என்ன ஆகும்?

ஆஸ்திரியாவின் வோர்க்ல் என்ற சிற்றூர் நல்ல தொடக்கம். 1932இல் வேலையின்மை கடுமையாக இருந்தபோது மேயர் உன்டர்குக்கன்பெர்கர் ஊருக்கென்று தனிச் சீட்டுப் பணம் வெளியிட்டார். ஒவ்வொரு மாதமும் 1 சதவீத மதிப்புக்கு வில்லை வாங்கி ஒட்டினால்தான் செல்லும். அதனால் யாரும் பதுக்கவில்லை, கைமாறிக்கொண்டே இருந்தது. தெருக்கள் செப்பனிடப்பட்டன, ஒரு பாலமும் வந்தது. மற்ற ஊர்களும் ஆசைப்படத் தொடங்கியதும் 1933இல் மத்திய வங்கி தடுத்து நிறுத்தியது. பலரும் இந்தக் கதையை இத்தோடு முடித்துவிடுவார்கள். நீங்கள் கணக்குப் பக்கத்தையும் பாருங்கள். வெளியிட்ட சீட்டுக்கு ஈடாக நாட்டுப் பணமான ஷில்லிங் உள்ளூர் ரைஃபைசன் கூட்டுறவு வங்கியில் இருந்தது, நகராட்சி அந்தச் சீட்டை வரியாக ஏற்றது. ஈடும் வரியும் இல்லாமல் வெறும் காகிதம் ஓடியிருக்காது. நம் ஊரில் அச்சடித்துப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால், கொண்டு வருபவருக்குப் பணம் என்று உறுதி கூறும் சீட்டை ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும் தவிர வேறு யாரும் வெளியிடக் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31ஆம் பிரிவு.

1934இல் சுவிட்சர்லாந்தில் சிறு வணிகர்கள் தங்களுக்குள் கடன் வரவு வைத்துக்கொள்ளத் தொடங்கிய வீர் அமைப்பு பிழைத்துக்கொண்டது, இன்று வங்கியாகவே நடக்கிறது. ஏன் ஒன்று ஒரே ஆண்டில் நின்றது, ஒன்று நிலைத்தது என்பது ஒரு கூட்டத்துக்கு உரிய கேள்வி.

ரைஃபைசன் பெயர் நமக்கு அந்நியமில்லை. சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சனை விவசாயக் கடன் பற்றி ஆராயச் சொன்னது. 1895இலும் 1897இலும் வந்த அவரது அறிக்கையின் சாரம், ஜெர்மனியில் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வழிகாட்டிய ரைஃபைசன் போன்ற ஒருவரைக் கண்டுபிடியுங்கள் என்பதுதான். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கமும் திருவள்ளூர் அருகே திரூரில் கடன் சங்கமும் தொடங்கின.

சுய உதவிக் குழுக்களுக்கு வெளியூர் ஆள் வேண்டாம், உங்கள் வட்டத்துப் பெண்களே பாடம் எடுக்கட்டும். 1989இல் தருமபுரியில் ஆரம்பித்தது இங்கே வேரூன்றிவிட்டது. ஆனால் பக்கத்து ஆந்திரத்தில் 2010இல் நுண்கடன் நிறுவனங்கள் ஒரே பெண்ணுக்குப் பல கடன் கொடுத்து, வசூலில் நெருக்கி, மாநில அரசு அவசரச் சட்டம் போடும் அளவுக்குப் போனதையும் அதே நாளில் பேசுங்கள். குழுவின் கூட்டுப் பொறுப்பு எப்போது பலம், எப்போது கழுத்துச் சுருக்கு என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியும். ஜமாஅத்துகள் நடத்தும் பைத்துல்மால் என்ற பொது நிதியின் வட்டியில்லா நகைக் கடனையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

நம்மவர் கதையில் கசப்பான பக்கத்தையும் மறைக்கக் கூடாது. நகரத்தார் கடன் வலைதான் பர்மாவின் நெல் வயல்களை வளர்த்தது. 1930இல் நெல் விலை விழுந்ததும் அடமான நிலங்கள் அவர்கள் கைக்குப் போயின. 13 முக்கிய நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் அவர்கள் பங்கு 1930இல் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். அவர்களுக்குள் நம்பிக்கையும் ஒழுங்கும் எந்த வங்கிக்கும் குறைந்ததல்ல. கடன் வாங்கிய பர்மிய விவசாயி அந்த நம்பிக்கை வட்டத்துக்கு வெளியே இருந்தார். ‘யாரால் உள்ளே வர முடியாது’ என்ற கேள்வியை மறக்காமல் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

கிரிப்டோவை இளைஞர்கள் கொண்டு வருவார்கள். தடுக்க வேண்டாம், அதே ஐந்து கேள்விகளை எழுதி அவர்களிடமே கொடுங்கள்.

ஓராண்டு ஆனதும்

உறுப்பினர்களில் யார் யார் எந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்குதாரர் என்று பட்டியல் எடுங்கள். பலருக்கு உறுப்பினர் என்பதே மறந்திருக்கும், பயிர்க் கடனுக்கோ நகைக் கடனுக்கோ என்றைக்கோ நூறு ரூபாய்ப் பங்கு வாங்கியிருப்பார்கள். அந்தச் சங்கத்தின் பேரவைக் கூட்டம் எப்போது என்று செயலாளரிடம் கேளுங்கள். கூட்டத்துக்குப் போகும் முன் தணிக்கை அறிக்கையைப் படிக்கக் கேட்டு வாங்குங்கள். தவணை தவறிய கடன் எவ்வளவு, மொத்தக் கடனில் நகைக் கடன் எத்தனை பங்கு, பங்குதாரருக்கு லாப ஈவு கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று மூன்று இடங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். மூன்று கேள்விகளையும் மூன்று வேறு ஆட்கள் எழுந்து கேட்கட்டும், அவர்களில் ஒருவராவது இதுவரை மேடை முன் பேசாதவராக இருக்கட்டும். கிடைத்த பதிலைத் தேதி போட்டு நோட்டில் எழுதி, அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அதை வாசிப்புப் பாடமாக வையுங்கள்.